சம்பளம் இல்லாத தலைமை: எச்.ஐ.வி. அமைப்புகளின் நிர்வாகக் குழு எப்படி இயங்குகிறது?

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு வளர்ச்சி உதவியை 90 நாளுக்கு நிறுத்திவைத்தது. 2003-இல் தொடங்கிய பெப்ஃபார் திட்டத்தின் வழியாக, உலகின் எச்.ஐ.வி. பணிகளுக்கு வேறெந்த நாட்டையும்விட அதிகப் பணம் கொடுத்துவந்த நாடு அது. அடுத்த சில வாரங்களிலேயே பல நாடுகளில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் ஊழியர்களைக் குறைத்தன. சில அலுவலகத்தையே மூடின. இப்படி ஒரு நேரத்தில் யாரை வைத்துக்கொள்வது, எதை நிறுத்துவது, இருக்கும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த அமைப்புகளின் நிர்வாகக் குழுவினர். அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். பலர் தாங்களே எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது குழப்பமாக இருப்பது இயல்புதான். சம்பளம் வாங்காத ஒருவருக்குச் சம்பளம் வாங்குபவரை வேலையை விட்டு அனுப்பும் அதிகாரம் எப்படி வந்தது? மருத்துவரோ நிர்வாகம் படித்தவரோ இருக்க வேண்டிய நாற்காலி அல்லவா அது? கணக்கில் தவறு வந்தால் யார் பதில் சொல்வது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அமைப்புகள் அரசோடும் மருந்து நிறுவனங்களோடும் பேசும்போது அவற்றின் பேச்சுக்கு எடை கிடைப்பதே, முடிவெடுப்பவர்கள் பாதிக்கப்பட்டவர்களாக இருப்பதால்தான். ஆனால் அந்தத் தலைமைக்கு ஆகும் செலவை, அதாவது பணம், நேரம், உடல்நலம், ரகசியம் ஆகிய நான்கையும், தனி ஆளின் தலையில் கட்டும் அமைப்பு நீண்ட நாள் நிற்காது.

## அடிப்படைச் சொற்கள்

உலகில் 2024 முடிவில் சுமார் 4 கோடியே 8 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள் என்பது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸின் மதிப்பீடு. அவர்களில் சுமார் 3 கோடியே 16 லட்சம் பேருக்கு ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை கிடைத்தது. மீதி 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கப் பாடுபடும் அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் சொற்கள் இவை.

1. குரல்கொடுப்பு அமைப்பு. மருத்துவமனை நடத்துவது இதன் முதல் வேலை இல்லை. மருந்து இருப்புத் தீர்ந்துபோவதைக் கண்காணிப்பது, வேலையிலும் பள்ளியிலும் நடக்கும் பாகுபாட்டை எதிர்ப்பது, சட்டத்தை மாற்றச் சொல்வது, பட்ஜெட்டில் பணம் ஒதுக்கச் சொல்வது போன்றவை இதன் வேலை. 2008 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கும் 'ஸ்டிக்மா இண்டெக்ஸ்' ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. களங்கமும் ஒதுக்கலும் எந்த அளவில் இருக்கின்றன என்று அளக்கும் அந்த ஆய்வில் கேள்வி கேட்பவர்களே எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள்.

2. நிர்வாகக் குழு. பேச்சுவழக்கில் போர்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அடங்கியது. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பல நாடுகளில் அறக்கட்டளைச் சட்டமே, குழு உறுப்பினர் அந்தப் பதவிக்காக ஊதியம் பெறுவதைத் தடுக்கிறது அல்லது கட்டுப்படுத்துகிறது. அமைப்பின் சொத்து தனியார் கைக்குப் போய்விடக் கூடாது என்பது அதன் காரணம்.

3. நிர்வாக இயக்குநர். சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர். அன்றாட வேலையை நடத்துபவர். இவரை நியமிப்பதும் நீக்குவதும் நிர்வாகக் குழு.

4. விதிமுறை ஆவணம். பைலா என்று சொல்வார்கள். குழுவில் எத்தனை பேர், எப்படித் தேர்வு, எத்தனை ஆண்டு, கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்களின் எண்ணிக்கை) எவ்வளவு என்பதெல்லாம் இதில் இருக்கும்.

பத்திரிகைக்காரர்களும் அரசு அதிகாரிகளும் அடிக்கடி குழப்பிக்கொள்வது இரண்டாவதையும் மூன்றாவதையும். நிர்வாக இயக்குநர்தான் மேடையில் தெரிவார். ஆனால் அமைப்பின் திசையைத் தீர்மானிப்பதும் அதற்குச் சட்டப்படி பதில் சொல்வதும் மேடையில் தெரியாத குழுதான்.

## நோயுடன் வாழ்பவரே ஏன் முடிவெடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு 1983-இலேயே ஒரு பதில் எழுதப்பட்டுவிட்டது. அந்த ஆண்டு மே மாதம்தான் பாரிஸின் பாஸ்டர் நிறுவன விஞ்ஞானிகள், பின்னர் எச்.ஐ.வி. என்று பெயர் பெற்ற வைரஸைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. மருந்து என்று எதுவும் இல்லை. ஜூன் மாதம் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஒரு சுகாதார மாநாட்டில், எய்ட்ஸுடன் வாழ்ந்த சுமார் ஒரு டஜன் பேர் தங்களுக்குள் கூடிப் பேசி ஓர் அறிக்கை தயாரித்தார்கள். மாநாட்டின் கடைசி நிகழ்ச்சியில் மேடை ஏறி அதைப் படித்தார்கள். 'டென்வர் கொள்கைகள்' என்று இன்று அழைக்கப்படுவது அதுதான்.

அந்த அறிக்கையில் அனுதாபம் கேட்டு ஒரு வரிகூட இல்லை. சிகிச்சை, அந்தரங்கம், கண்ணியம் பற்றிய உரிமைகளோடு, நிர்வாகம் தொடர்பான கோரிக்கைகளும் இருக்கின்றன. எய்ட்ஸுடன் வாழ்பவர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். தங்கள் நிகழ்ச்சிநிரலைத் தாங்களே வகுக்க வேண்டும். முடிவெடுக்கும் எல்லா நிலைகளிலும் இருக்க வேண்டும். குறிப்பாக, சேவை வழங்கும் அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் உட்கார வேண்டும். 'குறிப்பாக' என்று நிர்வாகக் குழுவைச் சொன்னதில் கூர்மையான புரிதல் இருக்கிறது. கருத்தரங்கில் பேச அழைப்பது எளிது. பணத்தையும் நியமனத்தையும் தீர்மானிக்கும் அறைக்குள் விடுவதுதான் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதை வாசித்தவர்களில் ஒருவர் பாபி கேம்ப்பெல். தொழிலால் செவிலியர். அடுத்த ஆண்டு, 1984 ஆகஸ்டில், 32 வயதில் இறந்துபோனார். இன்னொருவரான பாடகர் மைக்கேல் காலன் 1993 டிசம்பரில் இறந்தார். 1996-இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வரும்வரை இந்த இயக்கத்தின் தலைவர்கள் இப்படித்தான் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் நாற்காலியை நிரப்பினார்கள். ஆகவே 'சம்பளம் இல்லாமல் யாராவது இதைச் செய்வார்களா?' என்ற கேள்விக்குப் பதில் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது. தங்கள் உயிர் காக்கும் வேலையை வேறு யாரும் செய்யாததால் அவர்கள் செய்தார்கள்.

இதைத் தார்மீக வாதமாக மட்டும் பார்க்கக் கூடாது. விளைவு சார்ந்த வாதமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1998-இல் தொடங்கிய 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின்' அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தாயிடமிருந்து குழந்தைக்கு வைரஸ் போவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் பரவலாகத் தர அரசு மறுத்தபோது, இந்த அமைப்பு வழக்குப் போட்டது. 2002 ஜூலையில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. மருந்தின் பலனும் நாட்டின் சட்டமும் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தவைதான். வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்று முடிவெடுக்க, காத்திருந்தால் என்ன ஆகும் என்று தன் வீட்டிலேயே பார்த்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

## கோரிக்கை விதியானது

1994 டிசம்பர் 1 அன்று பாரிஸில் கூடிய உச்சி மாநாட்டில் 42 நாடுகள் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் பங்கேற்பை அதிகப்படுத்துவது அரசுகளின் கொள்கையாக ஏற்கப்பட்டது அங்கேதான். கீபா என்ற சுருக்கப் பெயரில் இத்துறையில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அதன் பிறகு வந்த இரண்டு அமைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும்.

1. 1996-இல் பணியைத் தொடங்கிய யு.என்.எய்ட்ஸின் நிர்வாக மன்றத்தில் தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதிகளுக்கு 5 இடம் ஒதுக்கப்பட்டது. ஐ.நா. வரலாற்றில் அது புதுமை. ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. வாக்கு 22 உறுப்பு நாடுகளுக்கு மட்டுமே.

2. இந்நோய்களை எதிர்க்கும் பணிகளுக்கு நிதி தர 2002-இல் உருவான குளோபல் ஃபண்டின் குழுவில் இன்று வாக்குரிமை உள்ள 20 உறுப்பினர்கள். அவர்களில் ஓர் இடம் எச்.ஐ.வி., காசநோய், மலேரியா ஆகியவற்றுடன் வாழ்வோரும் பாதிக்கப்பட்டோரும் அடங்கிய குழுவுக்கு உரியது.

இரண்டுமே முக்கியமான வெற்றிகள். ஆனால் பேசும் உரிமையும் வாக்களிக்கும் உரிமையும் ஒன்றல்ல. இதே வித்தியாசம் சின்ன ஊரில் பத்துப் பேர் நடத்தும் அமைப்பிலும் உண்டு.

## கணக்குக்கு ஓர் ஆளா, முடிவெடுக்கும் ஆளா?

யு.என்.எய்ட்ஸ் 1999-இல் பங்கேற்பின் படிநிலைகளை ஒரு பிரமிடாக வரைந்து காட்டியது. அடியில், விழிப்புணர்வுச் செய்தியைப் பெறுபவர்கள். அதற்கு மேலே பங்களிப்பவர், பேச்சாளர், செயல்படுத்துபவர், நிபுணர். உச்சியில் முடிவெடுப்பவர். பெரும்பாலான அமைப்புகள் 'பேச்சாளர்' படியில் நின்றுவிடுகின்றன. உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 வந்தால் ஒருவரை மேடையில் ஏற்றித் தன் கதையைச் சொல்ல வைப்பார்கள், கை தட்டுவார்கள். அடுத்த நாள் பட்ஜெட் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு இருக்காது.

ஓர் அமைப்பு உண்மையாகவே எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரால் வழிநடத்தப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள நான்கு கேள்விகள் போதும்.

1. குழுவில் அவர்கள் எத்தனை பேர்? ஒரே ஒருவர் என்றால், எதிர்த்துப் பேசும் ஒவ்வொரு முறையும் அவர் தனியாகப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தை நீண்ட நாள் சுமக்க யாராலும் முடியாது.

2. அவர்களை யார் தேர்ந்தெடுத்தது? உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டா, இயக்குநர் தனக்குத் தெரிந்தவரைக் கூப்பிட்டா?

3. கூட்டத் தாள்கள் எப்போது கைக்கு வருகின்றன, எந்த மொழியில் வருகின்றன? முந்தின நாள் இரவு வரும் 80 பக்க ஆங்கில அறிக்கையைப் படித்துவிட்டு வந்து யாரும் கேள்வி கேட்க முடியாது.

4. கடந்த ஓராண்டில் குழு எந்த முன்மொழிவையாவது மாற்றியதா, நிராகரித்ததா? கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். ஒவ்வொரு தீர்மானமும் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று மட்டும் இருந்தால், முடிவு வேறெங்கோ எடுக்கப்படுகிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் எல்லோரும் ஒரே மாதிரி வாழ்பவர்கள் இல்லை. முப்பது ஆண்டுகளாக வாழும் ஒருவர், பிறந்ததிலிருந்தே வைரஸுடன் வாழும் இருபது வயதுக்காரர், கணவரை இழந்த பெண், திருநங்கை, ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்தியவர், இவர்கள் ஒவ்வொருவரின் தேவையும் வேறு. 1992-இல் ஆம்ஸ்டர்டாம் எய்ட்ஸ் மாநாட்டில் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் தங்களுக்கென்று தனி உலக அமைப்பைத் தொடங்கியதற்குக் காரணம், பெண்களுக்கான ஆதரவும் தகவலும் சேவைகளும் போதவில்லை என்பதுதான்.

## சட்டம் எதிர்பார்ப்பது மூன்று

தன்னார்வம் என்றால் பொறுப்பு குறைவு என்று நினைத்துக் குழுவில் சேர்பவர்கள் நிறைய. பல நாடுகளின் சட்டங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. சொற்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படை மூன்று கடமைகள்தான்.

கவனம். ஆவணங்களைப் படித்து, கேள்வி கேட்டு, சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் காரியத்தில் காட்டும் அக்கறையோடு முடிவெடுப்பது. ஆடிட் அறிக்கையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், 'எனக்குக் கணக்கு தெரியாது' என்று பின்னால் சொல்ல முடியாது. புரியாவிட்டால், புரியும்படி விளக்கச் சொல்வதே கடமை.

விசுவாசம். முடிவெடுக்கும்போது தன் நன்மையையும் தன் வேறு அமைப்பின் நன்மையையும் ஒதுக்கிவைப்பது.

நோக்கம். எந்தக் காரியத்துக்காக அமைப்பு பதிவானதோ, எந்தக் காரியத்துக்காக நிதி வந்ததோ, அதற்கு மட்டும் செலவழிப்பது.

இவற்றில் இரண்டாவதுதான் இந்த அமைப்புகளில் சிக்கலானது. வேறு அமைப்புகளில் குழு உறுப்பினர் ஒரு பக்கம், பயனாளி ஒரு பக்கம். இங்கே இருவரும் ஒரே ஆள். மருந்து வாங்கப் போகும் பயணச் செலவுக்கு உதவித் திட்டம் கொண்டுவரலாமா என்று குழு பேசும்போது, வாக்களிப்பவரே அந்த உதவிக்குத் தகுதியானவராக இருக்கலாம். இது ஊழல் இல்லை. பாதிக்கப்பட்டவர் தலைமை தாங்கினால் தவிர்க்கவே முடியாத நிலை. மறைப்பதுதான் தப்பு.

அமெரிக்காவின் ரயன் வைட் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 1990-இல் வந்து, பின்னர் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, நகர அளவில் எச்.ஐ.வி. நிதியைப் பங்கிடும் திட்டக் குழுக்களில் குறைந்தது 33 சதவீதம் பேர் அந்தச் சேவைகளைப் பெறுபவர்களாக இருக்க வேண்டும். ஆனால் அந்த 33 சதவீதத்தில் வருபவர்கள், நிதி வாங்கும் எந்த நிறுவனத்துக்கும் ஊழியராகவோ அலுவலராகவோ ஆலோசகராகவோ இருக்கக் கூடாது. சேவை பெறுபவர் என்ற முறையில் வரும் பார்வை வேண்டும். நிதி வாங்கும் நிறுவனத்தோடு கட்டுண்ட நிலை வேண்டாம். நல்ல பிரிப்பு இது.

சிறிய அமைப்புகளில் இதை எளிமையாகவே செய்யலாம். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் 'இன்றைய விஷயங்களில் யாருக்காவது சொந்த நலன் இருக்கிறதா?' என்று கேட்டு மினிட்ஸில் எழுதுவது. எல்லோருக்கும் பொதுவான நன்மை என்றால் வாக்களிக்கலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ அவர் குடும்பத்துக்கோ என்றால் அவர் அந்த நேரம் வெளியே போவது. அவ்வளவுதான்.

## பெயர் வெளியே தெரிவது: மற்ற அமைப்புகளில் இல்லாத ஆபத்து

இந்தப் பகுதியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

பதிவு பெற்ற அமைப்பின் நிர்வாகிகள் பெயர் பல நாடுகளில் பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வங்கிக் கணக்குக்கும் அந்தப் பெயர்கள் போகும். சரி, இப்போது பைலாவில் 'குழுவில் பாதிக்கு மேல் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களாக இருக்க வேண்டும்' என்று ஒரு விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல எண்ணத்தில் எழுதிய விதி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கோ முதலாளிக்கோ விஷயம் தெரிந்துவிடுகிறது. பதவியை ஏற்பதே நோய்நிலையை வெளியிடுவதாக ஆகிவிடுகிறது. அவரோடு முடிவதும் இல்லை. துணைவர் மீதும் பிள்ளைகள் மீதும் அதே கண்கள் திரும்பும்.

இதனால் திறமையான பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நோய்நிலையை ஏற்கெனவே வெளியில் சொல்லிவிட்டவர்கள் மட்டுமே திரும்பத் திரும்பப் பதவிக்கு வருகிறார்கள். புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ள பெண்கள், சிறிய ஊர்க்காரர்கள் ஆகியோரின் குரல் குழுவுக்குள் வருவதே இல்லை. செய்யக்கூடியவை சில உண்டு.

1. விதியை 'எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களும் நெருங்கிப் பாதிக்கப்பட்டவர்களும்' என்று எழுதலாம். துணைவர், பெற்றோர், பராமரித்தவர் எல்லோரும் இதில் வருவார்கள். யார் எந்த வகை என்று வெளியே தெரியாது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையை உள்விதியாக வைத்துக்கொள்ளலாம்.

2. சான்று கேட்கக் கூடாது. சுய அறிவிப்பு போதும். அதுவும் ஒரே ஒருவரிடம், வாய்மொழியாக. மருத்துவ அறிக்கையின் நகல் அலுவலகக் கோப்பில் இருக்கவே கூடாது.

3. நிர்வாகக் குழுவுக்கு வெளியே ஓர் ஆலோசனைக் குழு வைத்து, பெயரைப் பதிவில் சேர்க்க விரும்பாதவர்களுக்கு அங்கே இடம் தரலாம். ஆனால் அந்தக் குழு சொல்வதை நிர்வாகக் குழு ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

4. ஊடகத்தோடு பேசுவது தலைவரின் கட்டாய வேலையாக இருக்க வேண்டியதில்லை. விருப்பமுள்ள வேறொருவர் பேசலாம்.

5. ஒருவர் எந்த அளவுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லச் சம்மதித்தாரோ, அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. பழைய படங்களை அமைப்பு நீக்கித்தான் ஆக வேண்டும்.

## நிலைப்பாடு எடுப்பதும் குழுவின் வேலைதான்

பணமும் பதிவும் தவிர, அமைப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தீர்மானிப்பதும் குழுதான். இதற்குச் சமீப கால எடுத்துக்காட்டு, 'வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தால் உடலுறவு வழியாகப் பரவாது' என்ற செய்தி. யு ஈக்வல்ஸ் யு என்று உலகம் முழுக்க அறியப்பட்ட இந்தப் பிரசாரம் 2016-இல் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் தொடங்கியது.

ஆதாரம் அதற்கு முன்பே வந்துகொண்டிருந்தது. 2011-இல் எச்.பி.டி.என். 052 ஆய்வு, சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. 2016-இல் பார்ட்னர் ஆய்வு, ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த தம்பதிகளிடையே ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு நடந்தும், சிகிச்சையில் வைரஸ் ஒடுங்கியிருந்த துணைவரிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை என்று சொன்னது. இருந்தும் பல மருத்துவர்களும் அமைப்புகளும் தயங்கினார்கள். 'ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்' என்பது அவர்கள் வாதம்.

அந்த நேரத்தில் ஒவ்வோர் அமைப்பின் குழுவும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஆதாரத்தை எடைபோடத் தெரிந்த உறுப்பினர் வேண்டும். துணைவரைத் தொடவே பயந்து வாழ்ந்த ஆண்டுகள் என்றால் என்னவென்று அறிந்த உறுப்பினரும் வேண்டும். முதலாமவர் மட்டும் இருந்தால் இன்னொரு ஆய்வுக்காகக் காத்திருப்பார். இரண்டாமவர் மட்டும் இருந்தால் ஆதாரம் வருமுன்பே சொல்லிவிடக்கூடும். மருந்து ஒழுங்காகக் கிடைக்காத, ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையே எட்டாத இடங்களில் இருப்பவர்களுக்கு இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வியும் குழுவுக்குள்ளிருந்துதான் எழும். வைரஸ் ஒடுங்காதவர்கள் மீது புதிதாக ஒரு களங்கம் விழாமல் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்பதை அனுபவித்தவர்களே முதலில் கவனித்தார்கள்.

## இலவச உழைப்பின் விலை

குழு உறுப்பினருக்குச் சம்பளம் தர முடியாமல் இருக்கலாம். அதற்காக அவர் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, மொபைல் டேட்டா, அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தரும் பணம் எல்லாம் அமைப்பின் செலவு. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: பில் கொடுத்தால் அடுத்த மாதம் தருகிறோம் என்பது, கையில் காசு இருப்பவருக்கு மட்டுமே வசதி. முன்பணம் தருவதுதான் நியாயம். தினக்கூலிக்காரர் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் வருமானம் போகிறது. அதற்கு ஈடாக ஒரு தொகையைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் தரலாம். அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுபவருக்கு அந்தத் தொகை வருமானமாகக் கணக்கிடப்பட்டு உதவி நின்றுவிடுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடல்நலம் இன்னொரு செலவு. தென்னாப்பிரிக்க அமைப்பின் தலைவர் சாக்கி ஆக்மட், எல்லோருக்கும் பொது மருத்துவமனையில் கிடைக்கும்வரை நான் மருந்து எடுக்க மாட்டேன் என்று ஆண்டுக்கணக்கில் மறுத்தார். 2003-இல் சக உறுப்பினர்கள் வற்புறுத்திய பிறகே சிகிச்சையைத் தொடங்கினார். உலகமே மதித்த தியாகம் அது. ஆனால் எந்த அமைப்பும் தன் தலைவரிடம் அப்படி ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது. உறுப்பினர்கள் அவரைத் தடுத்ததும் தலைமைதான்.

இவ்வளவு பெரிய தியாகம் இல்லாமலேயே, சத்தமில்லாமல் நடக்கும் இழப்பு நிறைய. இரவு பதினொரு மணிக்கு 'இன்றைக்குத்தான் ரிசல்ட் வந்தது' என்று அழுதுகொண்டே ஒருவர் போன் செய்வார். குழு உறுப்பினர் எடுத்துப் பேசுவார், தன்னுடைய முதல் நாள் நினைவுக்கு வரும், தூக்கம் போகும். மறுநாளும் யாராவது கூப்பிடுவார்கள். உளவியல் ஆதரவு பெறுவதற்கு உதவி மையமும் பயிற்சி பெற்ற ஆலோசகரும் வேண்டும். தலைவரின் சொந்த நம்பரே உதவி மையமாகிவிட்டால், தலைவர் இரண்டே ஆண்டில் சோர்ந்து விழுவார். கூட்டத் தேதியை மருத்துவமனை நாளோடு மோதாமல் வைப்பது, வர முடியாதவருக்கு மாற்று உறுப்பினர், தொலைபேசியில் கலந்துகொள்ளும் வசதி, காரணம் கேட்காமல் விடுப்பு, இவை விதிமுறை ஆவணத்திலேயே இருக்க வேண்டும். தலைவரின் நல்ல மனசை நம்பி விடக் கூடாது.

## பணம் நிற்கும்போது

2021-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அரசியல் பிரகடனம், 2025-க்குள் பரிசோதனை மற்றும் சிகிச்சைச் சேவைகளில் 30 சதவீதம், அதிக ஆபத்தில் உள்ள மக்களுக்கான தடுப்புச் சேவைகளில் 80 சதவீதம், சமூகச் சூழலை மாற்றும் திட்டங்களில் 60 சதவீதம் சமூக அமைப்புகள் வழியாகவே நடக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கு ஆண்டிலேயே அவற்றின் பணம் நின்றது.

இங்கே வாசகர் புரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று. அமைப்பின் வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் எல்லாம் ஒரே பணம் இல்லை. 'இந்தப் பயிற்சிக்கு மட்டும்' என்று வந்தது நிபந்தனை நிதி. எதற்கும் செலவழிக்கலாம் என்று வந்தது பொது நிதி. பெரும்பாலான குரல்கொடுப்பு அமைப்புகளில் முதலாவதே அதிகம், இரண்டாவது சொற்பம். அதனால்தான் கணக்கில் பணம் இருந்தும் வாடகை கட்ட முடியாத நிலை வருகிறது. நெருக்கடியில் நிபந்தனை நிதியை எடுத்துச் சம்பளம் கொடுத்தால், எண்ணம் நல்லதாக இருந்தாலும் நோக்கக் கடமையை மீறியதாகும். குழு உறுப்பினர்கள் பெயர் அங்கே மாட்டும்.

பழமையும் புகழும் காப்பாற்றாது. டென்வர் கொள்கைகளிலிருந்து பிறந்த, அமெரிக்காவின் எய்ட்ஸுடன் வாழ்வோர் தேசியச் சங்கம், நிதி நெருக்கடியால் 2013-இல் மூடப்பட்டது.

நிதி நின்றுபோன குழு செய்ய வேண்டியவற்றின் வரிசை இது.

1. பொருளாளர் இரண்டு கணக்கையும் பிரித்து, பொது நிதி எத்தனை வாரம் தாங்கும் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தருவது.

2. நிதியளித்தவரிடம் எழுத்து மூலம் கேட்பது: ஏற்கெனவே செய்த செலவு வருமா? மிச்சப் பணத்தின் நிபந்தனையைத் தளர்த்துவீர்களா?

3. ஊழியர்களுக்குச் சட்டப்படி தர வேண்டியதைக் கணக்கிட்டு முதலில் ஒதுக்குவது. அவர்களிலும் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் இருப்பார்கள். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகலாம்.

4. உறுப்பினர் பட்டியல், ஆலோசனைக் குறிப்புகள் போன்ற ரகசியக் கோப்புகள் யார் பொறுப்பில் என்று அன்றைக்கே தீர்மானிப்பது. அலுவலகம் காலியாகும்போது கம்ப்யூட்டரை விற்றுவிட்டு, அதிலிருந்த பெயர்களை மறந்துவிட்டால் நேரும் கேட்டைச் சரிசெய்யவே முடியாது.

5. எந்த வேலையைச் சம்பள ஊழியர் இல்லாமலும் தொடர முடியும் என்று பார்ப்பது. மருந்து இருப்பைக் கண்காணித்து அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது முடியலாம். வழக்கு நடத்துவது முடியாமல் போகலாம்.

6. கடன் கைமீறும் நிலை வந்தால், மூடுவதா, வேறு அமைப்போடு இணைவதா என்று வக்கீலின் ஆலோசனையோடு முடிவெடுப்பது. தள்ளிப்போடுவது குழு உறுப்பினர்களையே தனிப்பட்ட பொறுப்புக்குள் இழுத்துவிடலாம்.

சாதாரண காலத்திலேயே மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு இருப்பு வைப்பது நல்ல நிர்வாகம் என்று எல்லாப் பயிற்சிகளிலும் சொல்கிறார்கள். ஆனால் நிர்வாகச் செலவுக்கும் இருப்புக்கும் ஒரு பைசா தர மறுக்கும் நிதியளிப்பவர்கள் இருக்கும்வரை, அந்த அறிவுரையைச் சிறிய அமைப்புகளிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை.

## அடுத்தவர் யார்?

தொடங்கியவரே இருபது ஆண்டு தலைவராக இருக்கும் அமைப்புகள் இத்துறையில் சகஜம். பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆள் கிடைக்காததும், தான் போனால் அமைப்பே போய்விடும் என்ற பயமும் சேர்ந்துதான் காரணம். பயத்துக்கும் ஆதாரம் உண்டு; தொடக்க காலத்தில் தலைவரோடு அமைப்பின் நினைவும் சேர்ந்தே புதைக்கப்பட்டது. இன்று ஒழுங்காக மருந்து எடுப்பவர் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழ்கிறார். அதனால் கைமாற்றுவதை நிதானமாகத் திட்டமிட நேரம் இருக்கிறது.

மூன்று ஆண்டு, அதிகபட்சம் இரண்டு முறை என்று பதவிக்கால வரம்பு வைப்பது வழக்கம். எல்லோர் பதவியும் ஒரே ஆண்டில் முடியாமல், மூன்றில் ஒரு பங்கு இடங்கள் ஆண்டுதோறும் காலியாகும்படி அமைத்தால் அனுபவம் அறுபடாது. துணைத் தலைவரை அடுத்த தலைவராக அறிவித்து ஓராண்டு கூடவே உட்கார வைக்கலாம். வங்கிக் கையெழுத்து, பாஸ்வேர்டு, நிதி ஒப்பந்தங்கள், அமைச்சகத்தில் யாரிடம் பேச வேண்டும் என்ற விவரம் ஆகியவை ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. குறைந்தது இருவருக்குத் தெரிய வேண்டும். பதவி விட்டவருக்கு வாக்கில்லாத ஆலோசகர் இடம் தரலாம், அதுவும் காலக்கெடுவோடு. புதிய உறுப்பினருக்கு முதல் கூட்டத்துக்கு முன்பே விதிமுறை ஆவணம், கடைசி மூன்று ஆடிட் அறிக்கை, ஓராண்டு மினிட்ஸ் ஆகியவற்றைக் கையில் கொடுத்து, கணக்கைப் படிக்கச் சொல்லித்தர ஒரு நாள் ஒதுக்கினால், அவர் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்.